வண்டி மாறி ஏறிய துர்கா

ஸ்கூல் வேன்களில் புதிதாக ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எனக்கு நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தாலே நாக்கு உள்ளே போய்விடும். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் கை தட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே இருந்தாலும் படித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வாந்தி எடுத்தால் என்ன செய்வது, சண்டை போட்டால் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்கே பழகிவிடும். அதை எழுதி உங்கள் நேரத்தைப் பிடுங்க மாட்டேன். பழகாத ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளையைப் பற்றி ஊரே ஆளுக்கொன்று சொல்லும். அதில் எதையும் நம்பாமல் இருப்பது இருக்கிறதே, அது லேசில் வராது. எனக்கு அது வர ஒரு பிள்ளை தொலைய வேண்டியிருந்தது.

அவளுக்குத் துர்கா என்று பேர் வைத்துக்கொள்வோம். நிஜப் பேர் உங்களுக்கு வேண்டாம். மம்சாபுரத்துப் பிள்ளை. அப்பாவுக்கு அங்கேயே சின்னப் பலசரக்குக் கடை. அம்மா மில்லில் ஷிப்ட் வேலை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். முந்தின நாள் டிவியில் பார்த்த படத்தை மம்சாபுரத்தில் ஆரம்பித்தாள் என்றால் வேன் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றி ஸ்கூலுக்குள் நுழையும்வரை சொல்லுவாள். வில்லன் எப்படிச் செருமினான் என்பதுகூடத் தப்பாது. டிரைவர் தம்பி, "ஏ பிள்ள, கிளைமாக்ஸ சாயங்காலம் சொல்லு, எனக்கு ரோடு தெரியல" என்பான்.

மூணாம் வகுப்புவரை அவளுக்குப் படிக்கிற பிள்ளை என்று பேர். அவள் பக்கத்தில் அஞ்சாம் வகுப்பு ஜெனிபர் உட்காருவாள். ஜெனிபருக்கு டீச்சர் விளையாட்டு என்றால் உயிர். துர்காவின் புத்தகத்தைப் பிடுங்கி அன்றைய பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். துர்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வகுப்பில் போய் வரி பிசகாமல் ஒப்பிப்பாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பித்தால் வாசிக்கிற மாதிரித்தானே இருக்கும்? யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. இரண்டும் நல்லாப் படிக்குதுகள் என்று நானும் சும்மா இருந்தேன்.

ஜெனிபர் அஞ்சு முடித்து வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். துர்கா நாலுக்கு வந்தாள். முதல் பரீட்சையிலேயே எல்லாம் விழுந்தது.

அங்கே பிடித்ததுதான் என் எரிச்சல். இன்றுவரை முழுசாக இறங்கவில்லை.

வகுப்பு மிஸ், "சோம்பேறித்தனம்" என்றார். டிரைவர், "எல்லாம் செல்போன் ஆயாம்மா, ராத்திரி பூரா அதைத்தான் நோண்டும்" என்றான். அவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு செல்போன், அதுவும் கடையில் அப்பா சட்டைப்பையில். கண்ணில் குறை என்று ஒருத்தர் சொல்ல, கண்ணாடி வாங்கிப் போட்டார்கள். கண்ணாடி போட்டும் அதே கதைதான். டியூஷனில் சேர்த்தார்கள். ஸ்கூலில் வாங்குகிற திட்டு போதாதென்று அங்கே போய் இன்னொரு தரம் வாங்கினாள். அத்தை ஒருத்தி கிறிஸ்தவ வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், அவள் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குக் கூட்டிப்போனாள். அம்மாக்காரி விடுவாளா? புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போய்ப் பெருமாளுக்கு மொட்டை போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் சந்தனம் பூசிய தலையோடு பிள்ளை வந்து நிற்கிறது. வேன் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மாவிடம் கேட்டேவிட்டேன், அதுவும் மெதுவாகத்தான்: "ஏம்மா, எழுத்து முடியிலயா இருக்கு?"

"வேண்டிக்கிட்டேன் ஆயாம்மா. பொறவு சாமி குத்தம் ஆயிரும்."

"பொம்பளப் பிள்ளைம்மா."

"முடி வளந்துரும். மார்க்கு வளருமா?" என்றாள்.

நானும்தான் என்ன பெரிய ஆள். ஜெனிபர் போன ஏக்கத்தில் பிள்ளை வீம்பு பண்ணுகிறது என்று என் பங்குக்கு ஒன்று நினைத்துவைத்திருந்தேன். இப்படி ஆளுக்கொரு வைத்தியம். உனக்கு என்னதான் பண்ணுது என்று அவளைக் கேட்ட ஆள் ஒருத்தர் கிடையாது.

அரைப்பரீட்சை முடிந்தது. பிரின்சிபால் அப்பாவைக் கூப்பிட்டு, "ரெண்டாம் வகுப்புல மறுபடி உக்கார வைங்க, இல்லைன்னா டி.சி. வாங்கிக்கிடுங்க. பொங்கல் லீவு முடிஞ்சு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ரோசம். அன்று வேனுக்குப் பக்கத்திலேயே மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "டி.சி. வாங்குனா வேற எங்கயும் சேக்க மாட்டேன் பாத்துக்க. கடையில நின்னு பொட்டணம் மடிச்சுப் பழகு. படிக்கிற நேரமாவது மிஞ்சும்." அவர் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அன்று சாயங்காலம் துர்கா படக்கதை சொல்லவில்லை.

பொங்கல் லீவு முடிந்த வாரத்தில்தான் அந்தச் சாயங்காலம். எங்கள் வேன் கிளட்ச் போய் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. உங்களுக்கே தெரியும், நம் பிள்ளைகள் வேனைப் போர்டு பார்த்து ஏறுவதில்லை, நிற்கிற இடம் பார்த்துத்தான் ஏறும். எங்கள் வேன் எப்போதும் வேப்பமரத்தடியில் நிற்கும். அன்றைக்கு இடம் காலியாக இருக்கிறதே என்று சோழபுரம் வேன்காரன் அங்கே கொண்டுவந்து போட்டுவிட்டான். எங்களுக்கு வந்த மாற்று வண்டி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. முன் கண்ணாடியில் மம்சாபுரம் என்று பெரிய அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் அதைப் பார்த்து வந்து ஏறிவிட்டன. மைக்கிலும் ஒரு தரம் சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

நான் தூங்கி வழிகிற யு.கே.ஜி. பிள்ளைகளைத் தூக்கி ஏற்றிவிட்டுத் தலைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. துர்கா.

டிரைவர் தம்பி என்ஜினைப் போட்டுவிட்டான். "அவ அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருப்பாரு. கிளம்புவோம்."

"பாத்தியா நீ?"

"பாக்கல. போயிருப்பாருங்கேன்."

"பாக்கலைன்னா வண்டிய எடுக்காத."

"ஆயாம்மா, இப்ப ஆபீஸ்ல போயி ஒரு பிள்ளையக் காணோம்னு நின்னீகன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் காலி. போற வழியில பாத்துக்கிட்டே போவோம். வீட்டுக்குப் போயிருந்தா பிரச்சினையே இல்ல."

"போகலைன்னா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சம்பளம் வாங்கக்கூட ஆபீஸ் வாசலில் நின்று, உள்ளே இருக்கிறவர்களாகப் பார்த்துக் கூப்பிடும்வரை காத்திருக்கிறவள். அன்று செருப்போடு உள்ளே போனேன். "ஒரு பிள்ளை குறையுது" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன், கத்திவிட்டேன் போலிருக்கிறது, பிரின்சிபால் எழுந்து நின்றுவிட்டார். பிள்ளைகளா, இதை மட்டும் மண்டையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் அந்த நிமிசமே சொல்லுங்கள். வேலை போகுமா போகாதா என்பதை வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம்.

எல்லா டிரைவர்களுக்கும் போன் போட்டார்கள். சோழபுரம் வேன்காரன் எடுக்கவே இல்லை. மில்லில் இருந்து அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "எம்பிள்ளைய எங்க ஆயாம்மா?" என்றாள். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு நான் நாலு அடி வாங்கியிருக்கலாம்.

இருட்டுக் கட்டுகிற நேரத்துக்கு போன் வந்தது. சோழபுரத்தில் கடைசிப் பிள்ளையும் இறங்கின பிறகு பார்த்தால் பின் சீட்டில் ஒன்று உட்கார்ந்திருக்கிறதாம், வண்டி மாறிவிட்டது என்று தெரிந்தும் திட்டுக்குப் பயந்து வாயைத் திறக்காமல். அந்த வேன் ஆயா தலையை எண்ணுகிறேன் என்று பையை எண்ணியிருக்கிறாள். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

பிள்ளை வந்து இறங்கியதும் அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்ததும் ஓங்கி ஒரு அறை. "ஏட்டி, இம்புட்டுப் பெருசா மம்சாபுரம்னு எழுதிப் போட்டிருக்கே, கண்ணு எங்கட்டி போச்சு?"

துர்கா கன்னத்தைத் தடவிக்கொண்டு, "பெருசா எழுதுனா மட்டும் தெரிஞ்சிருமாக்கும்?" என்றாள்.

"வாயப் பாரு வாய" என்று இன்னொன்று விழுந்தது. வகுப்பு மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாருக்கும் அது திமிர்ப் பேச்சு. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் திமிர் பிடித்த பிள்ளை சொல்லும்போது முகம் அப்படி இருக்காது.

மறுநாள் காலை விசாரணை. பிரின்சிபால், வகுப்பு மிஸ், அப்பா, அம்மா, துர்கா. வாசலில் டிரைவரும் நானும். அப்பா நின்றுகொண்டே, "டி.சி.யக் குடுத்துருங்க மேடம். அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்றார். பிரின்சிபாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. துர்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் ரெண்டாம் வகுப்பு டீச்சர் வேறு ஏதோ வேலையாக உள்ளே வந்தார். சின்ன வயசு. அதிகம் பேசமாட்டார். இந்தப் பிள்ளை ரெண்டாம் வகுப்புக்கு வந்தால் அவரிடம்தான் வர வேண்டும். வந்தவர் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, என்னிடம் வந்து, "ஆயாம்மா, நேத்து வண்டி மாறினது எப்படி?" என்று கேட்டார்.

"அது சேட்டை டீச்சர். நல்ல புத்திசாலிதான், ஆனா ஏமாத்திரும்..."

"அவ எப்படிப்பட்டவன்னு நான் கேக்கல ஆயாம்மா. நீங்க என்ன பாத்தீங்க, அத மட்டும் சொல்லுங்க."

அப்படி ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மென்று விழுங்கிக்கொண்டு சொன்னேன். போர்டு எவ்வளவு பெரிசாக இருந்தாலும் தெரியாது என்று அவள் சொன்னது. ஜெனிபர் வாசிக்க, இவள் கண்ணை மூடிக் கேட்டது. டைரியில் என்ன எழுதியிருக்கிறது என்று விளையாட்டுப்போல மற்ற பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுவது. வகுப்பில் வாசிக்கிற முறை வருகிற நாளில் வயிற்றுவலி. வேனில் யாராவது வாசிக்கச் சொன்னால், மேல் வரியில் சொன்ன வார்த்தையே கீழ் வரியில் வந்தாலும் புதுசு மாதிரி முழிப்பது. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தானாகச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லுவது. இது எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. தனித்தனியாகக் கிடந்தது. சேர்த்து என்ன என்று எனக்குத் தெரியாது, இப்போதும் நானாகச் சொல்லத் தெரியாது.

டீச்சர் பிரின்சிபாலிடம் திரும்பி, "மேடம், இது டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம். வாசிப்புக் குறைபாடு. அறிவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இருக்கலாம்னுதான் சொல்லுதேன், நான் சொல்லி முடிவாகாது. சோதிச்சுப் பாக்கணும்" என்றார்.

இருக்கலாம் என்ற வார்த்தை யார் காதிலாவது விழுந்ததா? அம்மாக்காரி, "மூளைக் கோளாறா?" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வகுப்பு மிஸ், "இப்பல்லாம் எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிருதாங்க" என்றார். அப்பா, "எம்பிள்ளை லூசுங்கீகளா?" என்று ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். வாசலில் இருந்து டிரைவர் என் காதில், "நான் அப்பவே சொன்னேன், செல்போன்" என்கிறான். அவன் காலை மிதித்தேன்.

டீச்சர் கோபப்படவில்லை. அலமாரியில் இருந்து ஏதோ ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தார். ஒருத்தன் சந்தைக்கு ஆடு பிடித்துக்கொண்டு போகிற கதை. ஒரே ஒரு தரம் சத்தமாக வாசித்துவிட்டு, துர்காவைக் கேள்வி கேட்டார். ஆடு எங்கே அறுத்துக்கொண்டு ஓடியது, யார் பிடித்துக்கொடுத்தது, அவன் ஏன் திரும்பி வந்தான். எல்லாவற்றுக்கும் டக்கு டக்கென்று பதில். "அந்த ஆடு ஓடல டீச்சர், அவன்தான் கயித்த விட்டுட்டான். பொய் சொல்லுதான்" என்று கடைசியில் அவளாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். பிரின்சிபால் சிரித்துவிட்டார். அப்பாவுக்கு முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"இப்ப இதே பக்கத்த நீ வாசி" என்று புத்தகத்தைக் கொடுத்தார்.

துர்கா விரலை வைத்தாள். முதல் வார்த்தையை எழுத்து எழுத்தாகக் கூட்டி, "சந்தை" என்றாள். அடுத்ததில் நின்றாள். அதைத் தாண்டி, கதையில் இருந்ததை ஞாபகத்தில் வைத்து எதையோ சொன்னாள். தாளில் இருந்தது அது இல்லை. நெற்றியில் வேர்வை. ரெண்டாம் வரியில் மறுபடி சந்தை வந்தது. விரல் அதன்மேலேயே நின்றது.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மேலதானட்டி இப்பத்தான் சொன்ன! அதேதானட்டி!"

துர்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லப்பா. மேல இருந்தது வேற."

அப்பா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம். மகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை உட்காரச் சொல்லியும் உட்காராத மனுசன்.

"அப்ப இம்புட்டு நாளும் வாசிக்க மாட்டேன்னு நின்னது..."

"மாட்டேன்னு இல்ல சார். முடியல" என்றார் டீச்சர்.

"அடிச்சிருக்கேனே டீச்சர்."

அம்மா, "இதுக்கு மருந்து எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டாள்.

"மருந்து கிடையாதும்மா. நோய் இருந்தாத்தான மருந்து? சொல்லிக்குடுக்கிற விதத்த மாத்தணும். மெதுவா, திரும்பத் திரும்ப. நாளாகும்."

"மருந்தில்லாம எப்படிச் சரியாகும்?" என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். பிரின்சிபால் ஒரு பக்கம், "நம்ம ஸ்கூல்ல இதுக்கெல்லாம் வசதி கிடையாதே" என்றார்.

"கேள்விய வாசிச்சுக் காட்ட ஒரு வாய் போதும் மேடம். என்கிட்ட இருக்கு" என்றார் டீச்சர்.

அப்பா எழுந்தார். "டி.சி. இப்ப வேண்டாம். மொதல்ல சோதிச்சுட்டு வாரோம்."

மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். உட்கார வைத்து, பேச வைத்து, வாசிக்க வைத்துப் பார்த்துவிட்டு, டீச்சர் சந்தேகப்பட்டதுதான் என்று சொல்லி எழுதியும் கொடுத்தார்கள். பிரின்சிபால் அதை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார். துர்கா நாலாம் வகுப்பிலேயே இருந்தாள். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ரெண்டாம் வகுப்பு டீச்சரிடம் போவாள். மணலில் எழுத்தை எழுதி, வாயால் சத்தம் சொல்லி, கையைத் தட்டிப் பிரித்து என்று அது ஒரு மாதிரிப் பாடம். பரீட்சையில் கேள்வியை ஒருத்தர் வாசித்துச் சொல்லுவார். சமூக அறிவியலில் வகுப்பிலேயே முதல். தமிழில் தட்டுத்தடுமாறிப் பாஸ்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நீங்கள் வேனில் உட்கார்ந்து, இதுக்கு அது, அதுக்கு இது என்று பிள்ளைகளுக்குப் பேர் வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். நானே கிளம்பினேன். அடுத்த வருசம் எழுத்துக்குத் திணறின ஒரு சின்னவளைப் பார்த்துவிட்டு, இவளுக்கும் அதேதான் என்று டீச்சரிடம் ஓடினேன். அந்தப் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, வேறொன்றும் இல்லை. "மறுபடியும் முடிவச் சொல்லுதீங்களே ஆயாம்மா" என்று டீச்சர் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் வேலை பார்த்ததைப் பார்த்தபடி, கேட்க வேண்டியவர்களிடம் போய்ச் சொல்லுவது. அவர்கள் கேட்காவிட்டால் மறுநாளும் போய்ச் சொல்லுவது. அவ்வளவுதான். அதுவே எவ்வளவு கஷ்டம் என்று போகப்போகத் தெரியும்.

முட்டுவலி வந்து நான் வேலையை விடுகிற வருசம் துர்கா ஆறாம் வகுப்பு. ஒருநாள் காலை மம்சாபுரத்தில் அவளை ஏற்றும்போது அம்மா வேனோடு ஒட்டி நின்றுகொண்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். நேரமோ ஆகிறது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

"ஆயாம்மா, மதுரைக்கும் போயி வந்தாச்சு. அந்த டீச்சரும் வருசக்கணக்கா சொல்லிக்குடுக்காக. இன்னும் ஒரு பக்கம் வாசிக்க அம்புட்டு நேரம் எடுக்கா. எப்பத்தான் மத்தப் பிள்ளைக மாதிரி வாசிப்பா, நீங்களாவது கேட்டுச் சொல்லப்பிடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலில் துர்காவின் தலை வந்தது.

"யம்மா, நான் மெதுவாத்தான் வாசிப்பேன். நீ வீட்டுக்குப் போ."

அம்மா அப்படியே நின்றாள். நான் கதவைச் சாத்தினேன்.